முயன்றால் கிடைக்குமா? ஊக்கத்துக்குப் பின்னால் ஓடும் கணக்கு

"வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறையே கிடையாது" என்று ஒருவர் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கஷ்டப்பட்டு வந்த பிள்ளைக்குத்தான் ஜெயிக்கணும்கிற வெறி இருக்கும்" என்பார். ஆசிரியர் ஓய்வறையிலும் கல்யாண வீட்டிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்த இரண்டு பேச்சும் மாறி மாறி வரும். நேர் எதிரான இரண்டையும் ஒரே ஆள் சொல்ல முடிகிறதென்றால், இரண்டுக்கும் அடியில் ஒரே நினைப்பு இருக்கிறது. ஊக்கம் என்பது ஒருவருக்குள் பிறவியிலேயே இருக்கும் குணம், சிலருக்கு வாய்த்திருக்கும், சிலருக்கு வாய்க்காது என்ற நினைப்பு.

உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஒருவர் முயல்வதும் முயலாமல் நிற்பதும், அவர் நிற்கும் இடத்திலிருந்து உலகம் எப்படித் தெரிகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. சோம்பேறி என்று நாம் முத்திரை குத்தும் பிள்ளைகளில் பலர், தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகவே கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது, பிறந்த வீடு அதில் எங்கே நுழைகிறது, அதை மாற்ற முடியுமா என்று ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

## தலைமடையும் கடைமடையும்

காவிரி டெல்டாவிலிருந்து தொடங்கலாம். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். கல்லணைக்கு அருகே நிலம் வைத்திருப்பவர் தலைமடை விவசாயி. அணை திறக்கும் அறிவிப்பு வந்ததுமே அவர் நாற்றங்கால் வேலையில் இறங்கிவிடுவார். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் நிலம் வைத்திருப்பவர் கடைமடை விவசாயி. அவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருமா, எப்போது வரும், வந்தாலும் பயிர் முற்றும் வரை நிற்குமா என்பதெல்லாம் நிச்சயமில்லை. மேலே இருப்பவர்கள் பாய்ச்சியது போக, தூர்வாராத வாய்க்காலில் மிச்சம் இருந்தால் வந்து சேரும்.

இருவருக்கும் ஒரே அளவு நிலம், ஒரே விதை, ஒரே அனுபவம் என்று வைத்துக்கொள்வோம். அணை திறந்த வாரத்தில் போய்ப் பார்த்தால் ஒருவர் வயலில் நிற்பார், மற்றவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்து "இவருக்கு உழைக்க மனசில்லை" என்று டெல்டாவில் யாரும் சொல்ல மாட்டார்கள். போன வருஷம் கடன் வாங்கி விட்ட நாற்று காய்ந்துபோனதை அவர் பார்த்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். கடைமடையில் பலர் நடவை விட்டு நேரடி விதைப்புக்குப் போவதும் இதனால்தான். அதில் செலவு குறைவு, தண்ணீர் ஏமாற்றினால் போகிற பணமும் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கடைமடைக்காரருக்குத் தன் கைமேல் சந்தேகம் இல்லை. நெல் விளைவிக்க அவருக்குத் தெரியும். அவருடைய சந்தேகமெல்லாம் வாய்க்கால்மேல்தான். விவசாயி விஷயத்தில் நமக்கு உடனே புரிந்துவிடும் இந்த வேறுபாட்டை, பிள்ளைகள் விஷயத்தில் நாம் பார்க்கத் தவறுகிறோம்.

## மனம் கேட்கும் மூன்று கேள்விகள்

எதிர்பார்ப்பு-மதிப்புக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் அட்கின்சன் 1957இல் அதற்கு அடித்தளமிட்டார். விக்டர் வ்ரூம் 1964இல் அதை வேலையிடங்களுக்கும், ஜாக்குலின் எக்கிள்ஸ் 1980களில் பள்ளிப் படிப்புக்கும் விரித்தார்கள். எளிமையாகச் சொன்னால், ஒரு காரியத்தில் இறங்கும் முன் மனம் மூன்று கேள்விகள் கேட்கிறது. பெரும்பாலும் நாம் அறியாமலேயே கேட்கிறது.

முதல் கேள்வி: இதை என்னால் செய்ய முடியுமா? இதற்கு ஒருவர் மனசுக்குள் வைத்திருக்கும் பதிலுக்குத் தன்திறன் நம்பிக்கை என்று பெயர். ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் விளக்கிய கருத்து இது.

இரண்டாவது கேள்வி: நான் செய்து முடித்தால் அதன் பலன் என் கைக்கு வந்து சேருமா? இது பலன் எதிர்பார்ப்பு. முதல் கேள்வியும் இதுவும் ஒன்றல்ல என்பதை பாண்டுராவே அழுத்திச் சொல்லியிருக்கிறார். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுக்க முடியும் என்று உறுதியாக நம்பும் மாணவி, எடுத்தாலும் வீட்டில் கல்லூரிக்கு அனுப்பப் போவதில்லை என்றும் அதே உறுதியோடு நம்பலாம்.

மூன்றாவது கேள்வி: அந்தப் பலன் எனக்கு எவ்வளவு முக்கியம், அதற்காக நான் எதையெல்லாம் இழக்க வேண்டும்?

அட்கின்சனும் வ்ரூமும் இவற்றை ஒன்றோடொன்று பெருக்கினார்கள். கூட்டவில்லை. விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. கூட்டலில் ஒன்று குறைந்தால் இன்னொன்று ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். பலன் வராது என்று மனசில் முடிவாகிவிட்டால், திறமையும் ஆசையும் எவ்வளவு இருந்தாலும் கால் நகராது.

பள்ளிகளில் நடக்கும் ஊக்க உரைகளை நினைத்துப் பாருங்கள். "உன்னால் முடியும், நீ சாதிப்பாய்" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். அத்தனையும் முதல் கேள்விக்கான பதில். மேடையின் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் சிக்கியிருப்பது இரண்டாவது கேள்வியிலும் மூன்றாவது கேள்வியிலும். ஊக்கப் பேச்சாளரை அழைக்கும் பள்ளிகள் அதே மேடையில் கல்விக்கடன் பார்க்கும் வங்கி அதிகாரி ஒருவரையும் உட்கார வைத்தால் பலன் பல மடங்கு கூடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். முயற்சி என்பது "முடியுமா, கிடைக்குமா, தகுமா" என்ற மூன்று கேள்விகளின் பெருக்கல். மூன்றில் எது தடைப்பட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: பிள்ளை படிக்கவில்லை.

## சாதகம் நுழையும் இடம்

ஒருவர் தானாக எதையும் செய்வதற்கு முன்பே பிறந்த வீடு, சாதி, வருமானம், பெற்றோரின் படிப்பு, ஊர் ஆகியவற்றால் அமைந்துவிடும் முன்னிலையைச் சமூகச் சாதகம் என்கிறோம். பணம் அதில் ஒரு பகுதிதான்.

நீட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். முதல் முறை மதிப்பெண் குறைந்தால், ஒரு வீட்டில் "ஒரு வருஷம் கோச்சிங் போ, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார்கள். கட்டணத்துக்கும் விடுதிக்கும் பணம் இருக்கிறது, அந்த ஒரு வருஷம் பிள்ளை சம்பாதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்னொரு வீட்டில் முதல் முயற்சியே கடைசி முயற்சி. முதல் வீட்டுப் பிள்ளைக்குத் தோல்வி என்பது ஓராண்டுத் தாமதம். இரண்டாம் வீட்டுப் பிள்ளைக்கு அது, அக்கம்பக்கம் முழுக்கத் தெரிந்த, கடனோடு வந்து சேரும் முடிவு. தேர்வு ஒன்றுதான், வினாத்தாளும் ஒன்றுதான். மூன்றாவது கேள்வியின் விடை மட்டும் வேறு.

தகவலும் அப்படித்தான். மருத்துவரோ பொறியாளரோ சொந்தத்தில் இருக்கும் வீட்டில், எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, கலந்தாய்வில் எதை முதலில் வைப்பது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சு. அதைவிடப் பெரியது, "நம்ம வீட்டு ஆளுங்களுக்கு இது நடக்கும்" என்ற நிச்சயம். சாதகம் உள்ளவர் இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. அவருக்கு அது ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். அதனால்தான் அவருடைய ஊக்கம் அவருக்கே சொந்தக் குணம்போலத் தோன்றுகிறது.

ஊக்கத்தோடு போட்டுக் குழப்பப்படும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் சிந்தனைத் திறன் சோதனைகள் செய்தார்கள். செந்தில் முல்லைநாதன் அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர். அதே விவசாயிகள், கையில் பணம் வற்றியிருந்த அறுவடைக்கு முந்தைய காலத்தில் குறைவாகவும், பணம் வந்தபின் கூடுதலாகவும் மதிப்பெண் எடுத்தார்கள். பணக் கவலை மனசில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கவனம் சிதறுவதைப் பார்த்து விருப்பமில்லை என்று முடிவு கட்டும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

## பதினைந்து நிமிடக் காத்திருப்பு

"இந்த மிட்டாயை இப்போதே சாப்பிடலாம், நான் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு தருவேன்" என்று குழந்தைகளிடம் சொல்லும் மார்ஷ்மெலோ சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்ற செய்தி உலகமெங்கும் பரவி, பொறுமை என்ற குணம் இருந்தால் வாழ்க்கையில் ஜெயிக்கலாம் என்ற பாடமாக மாறிவிட்டது.

2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் அவருடைய சகாக்களும் அதே சோதனைக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையிடமும் முதலில் பழைய கிரயான்களைக் கொடுத்து, "கொஞ்சம் பொறு, இதைவிட நல்லதைக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம், "மன்னிச்சுக்கோ, இருக்கும்னு நினைச்சேன், இல்லை" என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். ஸ்டிக்கரை வைத்தும் இதையே இன்னொரு முறை செய்தார்கள். அதற்குப் பிறகுதான் மிட்டாய்.

வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். முழுப் பதினைந்து நிமிடமும் பொறுத்திருந்தவர்கள் முதல் குழுவில் 14 பேரில் 9 பேர், இரண்டாம் குழுவில் ஒரே ஒரு குழந்தை.

இரண்டே இரண்டு முறை ஏமாந்ததற்கு இந்த வித்தியாசம். மிட்டாய் வரப்போவதில்லை என்று நினைக்கும் குழந்தை கையில் இருப்பதைத் தின்பது புத்திசாலித்தனம்தான். உதவித்தொகை அறிவிப்பு வந்து பணம் வராமல் போனதையும், படித்த அண்ணன் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதையும் பத்து, பதினைந்து வருஷமாகப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் நாம் கேட்கும் பொறுமை எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்து கணிக்கலாம்.

இந்த இடத்தில் இன்னொரு பழைய கருத்தையும் திருத்திக்கொள்ளலாம். 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து கற்ற கையறுநிலை என்ற கருத்து பிறந்தது. என்ன செய்தாலும் மின்னதிர்ச்சி நிற்காது என்று அனுபவப்பட்ட விலங்கு, பிறகு தப்பிக்க வழி இருந்தும் முயலாமல் படுத்துவிடும் என்பது அதன் சாரம். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அவ்விருவருமே அந்த விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். நீடித்த துன்பத்தில் அசையாமல் கிடப்பது உடலின் இயல்பான எதிர்வினை, யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. "நான் ஏதாவது செய்தால் நிலைமை மாறும்" என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். அதாவது முயற்சி பலன் தரும் என்ற அனுபவம் எல்லோருக்கும் பிறப்பிலேயே வாய்ப்பதில்லை. அது கிடைக்கும் இடத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

## மேலே போக முடியும் என்ற நம்பிக்கை

பெற்றோரின் பொருளாதார நிலையிலிருந்து பிள்ளைகள் மேலே போவதைச் சமூக ஏற்றம் என்கிறார்கள். தன் நாட்டில், தன்னைப் போன்றவர்களுக்கு அது நடக்கும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறாரோ அதுதான் ஏற்ற நம்பிக்கை. இரண்டாவது கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இதிலிருந்து வருகிறது.

உண்மையில் எவ்வளவு ஏற்றம் நடக்கிறது? வருமானத்தில் அடித்தட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வாரிசுகள் நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட எத்தனை தலைமுறை ஆகும் என்று பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் கணக்கிட்டது. டென்மார்க்கில் 2 தலைமுறை, இந்தியாவிலும் சீனாவிலும் 7, கொலம்பியாவில் 11. ஒரே நாட்டுக்குள்ளும் ஊருக்கு ஊர் மாறும். ராஜ் செட்டி குழுவினர் 2014இல் காட்டியபடி, அமெரிக்காவில் வருமான வரிசையின் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த குழந்தை முதல் ஐந்தில் ஒரு பங்கை எட்டும் வாய்ப்பு சார்லட் நகரில் 4.4 விழுக்காடு, சான் ஹோசேயில் 12.9 விழுக்காடு.

நம்பிக்கை இந்த எண்களோடு ஒட்டிப் போக வேண்டும் என்பதில்லை. ஐந்து நாடுகளில் கருத்துக் கேட்டு 2018இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் இருப்பதைவிட அதிக ஏற்றம் இருப்பதாகவும், ஐரோப்பியர்கள் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதாகவும் நினைத்தார்கள்.

இந்த நம்பிக்கை பிள்ளைகளின் நடத்தையில் தெரிகிறதா? தெரிகிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் மெலிசா கியர்னியும் ஃபிலிப் லெவினும் 2016இல் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள். அடித்தட்டுக்கும் நடுத்தட்டுக்கும் இடையே வருமான இடைவெளி அகன்றிருக்கும் இடங்களில், படித்தால் கிடைக்கும் லாபம் பெரிதாகத் தெரிவதால் ஏழைப் பிள்ளைகள் கூடுதலாகப் படிப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். நடந்தது நேர்மாறு. அங்கேதான் ஏழைப் பையன்கள் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விடுவது அதிகமாக இருந்தது. எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் நீந்த முயல்வதற்கே காரணம் இல்லாமல் போகிறது.

இதற்கு இந்தியாவில் பிறந்த பொருளியலாளர் தேப்ராஜ் ரே நல்ல விளக்கம் ஒன்று வைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் தன்னைப் போன்றவர்கள் என்று கருதும் ஒரு வட்டத்தைப் பார்த்துத்தான் ஆசைகளை அமைத்துக்கொள்கிறார்கள். அந்த வட்டத்துக்கு அவர் ஆசைச் சாளரம் என்று பெயர் வைத்தார். இருக்கும் நிலைக்கும் ஆசைக்கும் நடுவில் தூரம் மிகக் குறைவாக இருந்தாலும் முயற்சி பிறக்காது, மிக அதிகமாக இருந்தாலும் பிறக்காது. எட்டிப் பிடிக்கலாம் என்ற தூரத்தில் இருக்கும்போதுதான் பிறக்கும். முதலில் சொன்ன இரண்டு பேச்சுகளும் ஏன் பாதி உண்மையாகப் படுகின்றன என்பது இதில் விளங்கிவிடுகிறது. ஒரே வறுமை, எட்டும் தூரத்தில் ஒரு வழி தெரிந்த பிள்ளையிடம் வெறியாகவும், தெரியாத பிள்ளையிடம் அலட்சியமாகவும் வெளிப்படுகிறது.

## மதிப்பெண் போடுவது யார்?

பலன் வந்து சேருமா என்ற சந்தேகத்தில் தூரம் மட்டும் இல்லை, தீர்ப்புச் சொல்பவரைப் பற்றிய அச்சமும் இருக்கிறது. இதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு ஆய்வை நான் படித்ததில்லை.

கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்தியது அது. நடுநிலைப் பள்ளிப் பையன்கள், உயர்சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். தாளில் வரைந்த சிக்கலான வழிகளுக்குள் புகுந்து வெளியே வரும் புதிர்களை அவர்கள் போட வேண்டும். சரியாகப் போட்டால் காசு. யார் என்ன சாதி என்று அறிவிக்காமல் உட்கார வைத்தபோது இரு தரப்பும் சமமாகப் போட்டார்கள். வேறு குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னும் வாசித்து, அவனைத் தலையாட்ட வைத்தார்கள். அந்தக் குழுக்களில் இடைவெளி விழுந்தது. அதுவும் பெரிய இடைவெளி.

சாதிப் பெயர் காதில் விழுந்ததும் திறமை எங்கே போனது என்று கேட்கத் தோன்றும். ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். பரிசு யாருக்கு என்பதில் குலுக்கல் ஒன்று நுழைந்ததும், சாதியை வாசித்த பிறகும்கூட, இடைவெளி மறைந்துபோனது. அந்தப் பையன்களின் மூளைக்கு எதுவும் ஆகவில்லை. மனிதர்கள் தங்களை நியாயமாக மதிப்பிடமாட்டார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள், அந்த அவநம்பிக்கை ஊக்கத்தைக் குறைத்தது என்பது ஆய்வாளர்கள் எட்டிய முடிவு. வகுப்பில் சாதிவாரியாக எழுந்து நிற்கச் சொல்லி உதவித்தொகைப் பட்டியல் எடுக்கும் வழக்கம் எத்தனை பிள்ளைகளின் கணக்கை மாற்றியிருக்கும் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது.

இதுவரை: இரண்டாவது கேள்விக்கான பதில் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. முன்பு வாக்குகள் காப்பாற்றப்பட்டனவா, எட்டும் தூரத்தில் தன்னைப் போன்ற ஒருவர் தெரிகிறாரா, மதிப்பிடுபவர் நியாயமானவரா. மூன்றிலும் சாதகம் உள்ளவருக்கு வசதியான பதிலே கிடைக்கும்.

## எழுதிக் கொடுத்த வாக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட உதவும் முகாம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் பிள்ளை. நல்ல மதிப்பெண், பொறியியல் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியே கிடைக்கலாம். உள்ளூர்க் கல்லூரி படிவத்தை மட்டும் கையில் வைத்திருந்தாள். முதல் பட்டதாரிச் சலுகை, மாத உதவித்தொகை எல்லாவற்றையும் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட அவள் அம்மா, "எல்லாம் சரி சார். நடுவுல பணம் கட்டச் சொல்ல மாட்டாங்கன்னு யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மாவுக்கு மகளின் திறமையில் துளி சந்தேகம் கிடையாது.

அவர் கேட்ட அதே கேள்வியை ஒரு பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை ஈடுகட்டும் அளவு உதவி ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சேர்க்கைக்குப் பிறகு, படிவங்கள் நிரப்பிய பிறகு, கணக்குப் பார்த்துத்தான் தெரியவரும். 2015இல் தொடங்கிய ஒரு பரிசோதனையில், நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வீட்டுக்குக் கடிதம் போனது. உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் இலவசம், இது உறுதி என்று அதில் எழுதியிருந்தது. புதிதாகப் பெரிய பணம் எதுவும் ஒதுக்கவில்லை. கடிதம் போகாதவர்களில் 26 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள், போனவர்களில் 68 விழுக்காட்டினர். சேர்ந்தவர்கள் 12 விழுக்காட்டிலிருந்து 27 ஆனார்கள்.

பிறகு அதே குழுவினர் இன்னொன்றும் பார்த்தார்கள். "வருமானச் சான்று காட்டித் தகுதி நிரூபித்தால் இலவசம்" என்று எழுதிய கடிதத்துக்கு இவ்வளவு பலன் இல்லை. விண்ணப்பம் கொஞ்சம் கூடியது, சேர்க்கை கூடவில்லை. பல குடும்பங்களுக்குக் கடைசியில் கையில் வரும் பணம் ஒன்றுதான். "உறுதி" என்ற சொல்லுக்கும் "பார்க்கலாம்" என்ற சொல்லுக்கும் நடுவில் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

## நம்பிக்கையை மட்டும் ஊட்டினால் போதுமா?

இந்த இடத்தில் பலர் தவறான முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். நம்பிக்கைதான் குறை என்றால் நம்பிக்கையை ஊட்டிவிடலாமே என்று.

ராபர்ட் ஜென்சன் டொமினிக்கன் குடியரசில் 2001இல் எட்டாம் வகுப்புப் பையன்களிடம், உயர்நிலைப் பள்ளி முடித்தால் எவ்வளவு சம்பளம் கிடைக்கும் என்று கேட்டார். அவர்கள் சொன்ன தொகை உண்மையைவிட மிகவும் குறைவு. சில பள்ளிகளில் மட்டும் உண்மைத் தொகையைச் சொன்னார். அந்தப் பள்ளிப் பையன்கள் அடுத்த நான்கு ஆண்டுகளில் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டு வரை கூடுதலாகப் படித்தார்கள். ஒரே ஒரு தகவலுக்கு இது பெரிய பலன். ஆனால் மிக ஏழைகளிடம் பலன் அநேகமாக இல்லை. சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டார்கள், பள்ளிக்குப் போக இடையில் ஆகும் செலவுக்கு வழி பிறக்கவில்லை. இரண்டாவது கேள்வி தீர்ந்தது, மூன்றாவது அப்படியே நின்றது.

இதைவிடக் கவலைக்குரியது அரிசோனாவில் 257 மாணவர்களை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு. எரின் காட்ஃப்ரியும் சகாக்களும் 2019இல் வெளியிட்டது. "இந்த நாட்டில் எல்லோருக்கும் சம வாய்ப்பு" என்று ஆறாம் வகுப்பில் உறுதியாக நம்பிய, விளிம்புநிலைக் குடும்பப் பிள்ளைகள் தொடக்கத்தில் நன்றாகவே இருந்தார்கள். வகுப்பு ஏற ஏற அவர்களுடைய சுயமதிப்பு சரிந்தது, ஒழுங்கீனமான நடத்தை கூடியது. எல்லாம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்புகிற பிள்ளை, தனக்குக் கதவு திறக்காதபோது யார்மேல் குற்றம் சொல்லும்? தன்மேல்தான்.

ஆகவே "முயன்றால் எல்லாம் கிடைக்கும்" என்ற வாக்கியத்தை நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. எது கிடைக்கும், எந்த வழியில், யார் தடுப்பார்கள், தடுத்தால் எங்கே போவது என்று சொல்வதே நேர்மை.

## கணக்கின் எண்களையே மாற்றுவது

நம்பிக்கை நீடிக்க வேண்டுமென்றால் அதற்கு அடியில் உண்மை மாற வேண்டும். இந்திய ஊராட்சிகளில் மூன்றில் ஒரு தலைவர் பதவி பெண்களுக்கு என்று 1993 முதல் ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் எந்த ஊருக்கு ஒதுக்கீடு என்பது குலுக்கல் போல அமைந்ததால், ஆய்வாளர்களுக்கு நல்ல ஒப்பீடு கிடைத்தது. 495 கிராமங்களில் நடந்த அந்த ஆய்வு 2012இல் வெளியானது. தொடர்ந்து இரண்டு தவணை பெண் தலைவர் இருந்த ஊர்களில், வளரிளம் பெண்களின் ஆசைகளுக்கும் ஆண்களின் ஆசைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி 32 விழுக்காடு சுருங்கியது. படிப்பில் இருந்த இடைவெளி இல்லாமலே போனது. பெண்கள் வீட்டுவேலையில் செலவிடும் நேரமும் குறைந்தது. யாரும் ஊக்க உரை நிகழ்த்தவில்லை. தங்கள் ஊராட்சியைப் பெண்கள் இரண்டு தவணை நடத்தியதைப் பிள்ளைகளும் பெற்றோரும் கண்ணால் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். நீட் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் தனி ஒதுக்கீடு. அதற்கு முன் ஆண்டுதோறும் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து 400 இடங்களைத் தாண்டியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது, இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. முதலில் வாய்ப்பின் உண்மையான அளவு மாறியது. "நம்ம ஸ்கூல் அக்கா டாக்டருக்குப் படிக்கிறாங்க" என்ற பேச்சு அதற்குப் பின்னால் வந்தது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வேறொரு இடத்தில் வேலை செய்கிறது. அது மூன்றாவது கேள்விக்கான பணம், பேருந்துக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும்.

இந்த ஒதுக்கீட்டில் பல குடும்பங்கள் கவனிக்காத விதி ஒன்று இருக்கிறது. பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபிறகுதான் இப்படியொரு வாய்ப்பு இருந்ததையே தெரிந்துகொள்ளும் பெற்றோர் இருக்கிறார்கள். நம் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டல் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் நடக்கிறது. அதற்குள் பிள்ளையின் மனசில் கணக்கு முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆறாம் வகுப்புச் சேர்க்கை நாளன்று, சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்து, இந்தப் பள்ளியில் தொடர்ந்து படித்தால் உங்கள் பிள்ளைக்கு எந்தெந்த ஒதுக்கீடு, எந்தெந்தச் சலுகை, எவ்வளவு பணம், எந்த ஆண்டில் கிடைக்கும் என்று தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு தாள் பெற்றோர் கைக்குப் போகட்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரு பக்கமும் ஒரு முத்திரையும்தான்.